அறுபத்தைந்தாவது பொத்தான்

எங்கள் கணக்கு டீச்சர் வகுப்பில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள மாடி ஏற வேண்டியதில்லை. மைதானத்தின் கடைசி மூலையில், நீளம் தாண்டும் மணல் குழிக்குப் பக்கத்தில் நின்றாலே போதும். "ஏன்? விடை எனக்கும் தெரியும், ஏன்னு சொல்லு!" என்று ஏழாம் வகுப்பு ஜன்னல் வழியாக வந்து விழும். நான் இந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். படிக்கிற காலத்தில் என் மண்டையில் ஏறாத பின்னக் கணக்கெல்லாம், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே அவர் குரலைக் கேட்டு ஏறியதுதான். பிள்ளைகள் அவருக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். "வச்சா வச்சுட்டுப் போறாங்க மாஸ்டர், பொய்யா ஒண்ணும் வைக்கலையே" என்பார்.

ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டார். கரும்பலகைக்குக் கீழே அவருக்காகவே ஒரு மரமேடை போட்டிருக்கும். முதல் மணிக்கு அதில் ஏறினால் மணி அடிக்கும்வரை இறங்க மாட்டார். இறங்கவேண்டிய அவசியமும் இல்லை. குரல்தான் கடைசி பெஞ்சுவரை போய், தூங்குகிறவனைத் தட்டி எழுப்பிவிட்டுத் திரும்பி வருமே. அவர் கணவர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என் கண்ணாடிக்குக் கம்பி மாற்றப் போனபோது ஒருநாள் சொன்னார்: "வீட்டுக்கு வந்தா எல்லாம் சைகைதான் சார். இருபத்தாறு வருஷமா எனக்குக் கிடைக்கிறது ஸ்கூல்ல செலவு பண்ணது போக மிச்சம் இருக்கிற குரல்தான்."

அந்தக் குரல்தான் போன வருஷம் உடைந்தது.

முதலில் மதியத்துக்கு மேல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டே நடத்தினார். பிறகு காலையிலேயே கரகரத்தது. ஒருநாள் மைதானத்தில் நின்றபோது "ஏன்?" என்பதில் பாதிதான் கேட்டது. நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தபடி நின்றேன். மீதிப் பாதி வரவே இல்லை.

தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாணில் காய்ப்பு காய்த்திருக்கிறது என்றார். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்க்குமே, அது மாதிரி. கீறி எடுத்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு சொல் பேசக் கூடாது. "கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதும்மா, அது இன்னும் மோசம். மீறினீங்கன்னா வர்ற குரலும் வராது" என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். வந்தாலும் பழைய குரல் வராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் தலைமை ஆசிரியை உடனே வழி சொன்னார். ஏழாம் வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடலாம், டீச்சர் ஆறு வாரமும் ஆபீஸில் உட்கார்ந்து படிவம் நிரப்பலாம். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் பள்ளியில் ஆபீஸுக்குப் போவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். முதுகுவலி என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதத்துக்காகப் போன புவியியல் சார் இன்னும் அங்கேதான் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். முதுகு எப்போதோ சரியாகிவிட்டது. வகுப்புதான் திரும்பக் கிடைக்கவில்லை.

"நான் கிளாஸை விட மாட்டேன் மேடம்" என்றார் கணக்கு டீச்சர். அப்போது அவருக்கு இருந்த குரலில் அது பாதிதான் கேட்டது.

"பேசாம எப்படிப் பாடம் நடத்துவீங்க?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது.

நான் ஏன் தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளிக்குப் புரொஜெக்டர், டேப்லெட், ஸ்பீக்கர் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவார் என்றார்கள், வரவில்லை. முதல் நாள் புரொஜெக்டர் எரியவில்லை. எல்லா ஆசிரியர்களும் அதைச் சுற்றி நின்று, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டேன். அன்றைக்குத் தலையில் கட்டினார்கள். அதிலிருந்து நான்தான் 'கருவிகள் பொறுப்பாளர்'. விசில் ஒரு பையில், ஸ்குரூ டிரைவர் ஒரு பையில்.

தலைமை ஆசிரியை கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் வீட்டில் ஓய்வு. அதன்பின் கருவிகளை வைத்து டீச்சர் வகுப்பு எடுக்கலாம். நான்காவது வாரக் கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் வகுப்பு டீச்சருக்கு. இல்லை என்றால் ஆபீஸ், அதுவும் எழுத்து மூலம்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள்தான் இருந்தது. முதலில் டைப் அடித்தால் தானே படிக்கிற இயந்திரக் குரல் ஒன்றை டேப்லெட்டில் போட்டுக் காட்டினேன். "முக்கோணத்தின். பரப்பளவு. காண்க" என்றது. டீச்சர் ஒரு நிமிஷம் கேட்டார்.

"மாஸ்டர், இது பேசினா பசங்க ரயில் வந்துடுச்சுன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க."

அப்போதுதான் வேறொரு செயலி கண்ணில் பட்டது. திரையில் கட்டம் கட்டமாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் நம் குரலில் ஒரு வாக்கியத்தைப் பதிந்துவைக்கலாம், தொட்டால் பேசும். ஒரு பக்கத்துக்குப் பதினாறு பொத்தான், முதலில் நாலு பக்கம் திறந்தேன். "என் குரலா?" என்று கேட்டார். "உங்க குரல்தான்" என்றேன். அன்று சாயங்காலமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் தான் வகுப்பில் பேசுவதைத் தானே கவனித்து, ஒவ்வொன்றாக எழுதினார்.

பதிவு செய்தது என் விளையாட்டுச் சாமான் அறையில். குட்டிக்கரணம் போடுகிற மெத்தைகளைக் கூரைவரை அடுக்கியிருப்பேன், அங்கே எதிரொலி கிடையாது. காலையில் முதல் மணிக்கு முன்னால்தான் அவருக்குக் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது. இரண்டு வாக்கியம், ஒரு மடக்கு வெந்நீர். இரண்டு வாக்கியம், ஒரு மடக்கு வெந்நீர். ஐந்து காலைகள் ஆயின.

முதல் பக்கம் முழுவதும் அமைதிக்கு. "சத்தம்." "சத்தம்னு சொன்னேன்." "ஜன்னலுக்கு வெளியே என்ன படம் ஓடுது?" "எல்லாரும் சிரிச்சாச்சா? இனிமே பாடம்." இரண்டாவது பக்கம் உத்தரவுகள்: புத்தகத்தை மூடு, அளவுகோலை எடு, போர்டுக்கு வா. மூன்றாவது பக்கம் கேள்விகள். அவருடைய புகழ்பெற்ற "ஏன்?" அங்கேதான் இருந்தது. நாலாவது பக்கம் விடைகளுக்கு. "தப்பு" என்பதிலேயே மூன்று வகை வைத்திருந்தார்: சும்மா தப்பு, கிட்ட வந்து தப்பு, "தூங்கிட்டே போட்டியா?" தப்பு. கடைசியில் "மறுபடியும்!" அந்த ஒரு சொல்லை அவர் சொல்லிக் கேட்டால், சரியாகப் போட்ட கணக்கையும் அழிக்கத் தோன்றும்.

அறுபத்து நாலும் முடிந்தபோது நான் கேட்டேன்: "ஏதாவது விட்டுப்போச்சா டீச்சர்? அப்புறம் கேட்டாலும் கிடைக்காது."

நோட்டை ஒருமுறை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். "எதுவும் விடலை மாஸ்டர். இருபத்தாறு வருஷமா இவ்வளவுதான் பேசியிருக்கேன்."

எனக்கும் எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றவில்லை. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது வாரம் டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். என் விசில் கயிறு ஒன்றில் டேப்லெட்டைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், இடுப்பில் சின்ன ஸ்பீக்கர். மேஜைக்கு மேலே, உயரம் தாண்டும் கம்பத்தைச் சாய்த்துக் கட்டி, அதன் நுனியில் ஒரு பழைய போனைக் கவிழ்த்து மாட்டியிருந்தேன். மேஜையில் என்ன எழுதினாலும், என்ன வெட்டினாலும், அது புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பெரிதாகத் தெரியும். அந்தக் கம்பத்தைப் பார்த்துவிட்டு ஒருவன், "டீச்சர், நாங்க தாண்டணுமா?" என்று கேட்டான். டீச்சர் முதல் பக்கத்தைத் தொட்டார். "எல்லாரும் சிரிச்சாச்சா? இனிமே பாடம்." வகுப்பு ஒரு வினாடி வாயைப் பிளந்தது. பிறகு சிரித்த சிரிப்பு எனக்குக் கீழே மைதானத்தில் கேட்டது.

முதல் வாரம் கூத்துதான். "புத்தகத்தை மூடு" என்று அழுத்தப் போய் "தூங்கிட்டே போட்டியா?" என்று விழும். ஒன்றுமே செய்யாத முதல் பெஞ்சு பெண் பேந்தப் பேந்த விழிப்பாள். பிள்ளைகளுக்கு மூன்றே நாளில் அறுபத்து நாலும் மனப்பாடம். டீச்சர் விரல் திரைக்குப் போவதற்குள் வகுப்பே ஒன்றாக "ஏன்?" என்று கத்தும். ஒருமுறை ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்தபோது அவர்களே அவருக்காகப் பேசிப் பாதிப் பாடத்தை நடத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. குரல் கடைசி பெஞ்சுவரை போகாததால் டீச்சரே போக வேண்டியதாயிற்று. மேடையிலிருந்து இறங்கினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையின் பின்பக்கத்தை அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அங்கே ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் அவளுக்கு 'அமுக்குணி' என்று பெயர். கேட்டால் தலையைக் குனிவாள், அதற்கு மேல் ஒன்றும் பெயராது. டீச்சர் பக்கத்தில் போய் நின்று பார்த்தபோது, அவள் நோட்டில் எழுதாமல், மடியில் காகிதத்தை மடித்து மடித்து விடை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எனக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்: 'ஏழு மாசமா என் கிளாஸ்ல இருக்கா மாஸ்டர். விரலால யோசிக்கிற பொண்ணு. எனக்குத் தெரியவே இல்ல.'

அவளை மேஜைக்குக் கூட்டிவர டீச்சர் ஒரு வாரம் பாடுபட்டார். முதலில் அவள் மடித்த காகிதத்தை மட்டும் வாங்கிப் போனுக்குக் கீழே வைத்துக் காட்டினார். பிறகு அவளைப் பக்கத்தில் நிற்கவைத்தார். கடைசியில் அவளே வந்து, சுவரில் தன் விரல்கள் அவ்வளவு பெரிதாகத் தெரிவதைப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதிகாரி வந்த அன்று இணைகரத்தின் பரப்பளவு. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற வழி ஒன்றுதான். சாய்ந்த பக்கத்தின் மூலையில் ஒரு முக்கோணத்தை வெட்டி, அதை எடுத்து மறுபக்கம் ஒட்டினால் செவ்வகம் ஆகிவிடும். டீச்சர் அதைப் பலகையில் வரைந்து வைத்திருந்தார். அதிகாரி கடைசி பெஞ்சில் ஒரு நீளப் படிவத்தோடு உட்கார்ந்தார். பேனாவுக்கு மூடியே போடாத ஆள். ஸ்பீக்கர் மறுபடி காலை வாரிவிடக் கூடாதே என்று நான் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

பாடம் நன்றாகத்தான் போனது. டீச்சர் "போர்டுக்கு வா" என்று அழுத்தி, ஜன்னலோரம் கையைக் காட்டினார். அந்தப் பெண் எழுந்து வந்தாள். காகித இணைகரத்தைப் போனுக்குக் கீழே வைத்தாள். கத்தரியை எடுத்தாள். மூலையை வெட்டவில்லை. நடுவில், மேலிருந்து கீழே நேராக ஒரே வெட்டு.

"தப்பு, தப்பு" என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு துண்டையும் இடம் மாற்றினாள். வலதில் இருந்தது இடதுக்கு, இடதில் இருந்தது வலதுக்கு. இரண்டு சாய்ந்த ஓரங்களும் நடுவில் வந்து ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தன. சுவரில் பெரிதாக ஒரு செவ்வகம். முக்கோணமே இல்லாமல்.

விளையாட்டு வாத்தியாரான எனக்கே புல்லரித்தது. டீச்சர் முகத்தைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் மூலையையே வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். கண் விரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, குனிந்து மேஜையையும் நிமிர்ந்து சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெண் அவரைப் பார்த்தாள். வகுப்பு முழுவதும் அவரைப் பார்த்தது.

டீச்சர் டேப்லெட்டைத் தூக்கினார். நாலாவது பக்கம். விரல் மேலிருந்து கீழே போனது. மூன்றாவது பக்கம். இரண்டாவது. முதல். மறுபடி நாலாவது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுபத்து நாலு பொத்தானில் ஒன்றுகூட இதற்கு இல்லை. யாராவது சரியான விடை சொன்னால் டீச்சர் வழக்கமாக "ம், அடுத்தது" என்பார், அதுவே பெரிய பாராட்டு என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கு "அடுத்தது" போதுமா?

எல்லோரும் இதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பதற்றத்தில் நாலாவது பக்கத்தின் கடைசிப் பொத்தானைத் தொட்டுவிட்டார்.

"மறுபடியும்!"

பழைய குரல், முழு அதட்டலோடு, இடுப்பிலிருந்து வெடித்தது. பெண்ணின் முகம் சட்டென்று வாடியது. டீச்சர் இரண்டு கையையும் ஆட்டினார், தலையை ஆட்டினார். அவள் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. துண்டுகளைக் கசக்கி மேஜையில் போட்டுவிட்டு ஓடிப்போய் இடத்தில் உட்கார்ந்து, பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

டீச்சர் வாயைத் திறந்தார். தொண்டை அசைந்ததைக் கதவோரத்திலிருந்தே பார்த்தேன். என்னை மீறி நான் 'வேண்டாம்' என்று கையை உயர்த்தினேன். அவர் என்னைப் பார்த்தார், வாயை மூடினார். அன்றைக்கு நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு அவர் கசங்கிய துண்டுகளை எடுத்து, உள்ளங்கையால் நீவி, போனுக்குக் கீழே அவள் வைத்த மாதிரியே வைத்தார். இடம் மாற்றிச் சேர்த்துக் காட்டினார். டஸ்டரை எடுத்து, பலகையில் தான் வரைந்த முக்கோண வழியை முழுவதும் அழித்தார். அவள் வழியை வரைந்து, பக்கத்தில் அவள் பெயரை எழுதினார். வகுப்பு "ஓ!" என்றது. கைகூடத் தட்டினார்கள். தலை கவிழ்ந்தவள் நிமிரவில்லை. மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே போய்விட்டாள்.

நாலு நாளில் அதிகாரியின் அறிக்கை வந்தது. வகுப்பு டீச்சரிடமே இருக்கலாம், ஆண்டுத் தேர்வுவரை கேள்வி இல்லை என்று எழுதியிருந்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கீழே 'கருவிகளின் குறைபாடு' என்ற கட்டத்தில் ஒரு வரி: 'பேசும் கருவியில் பாராட்டுச் சொல் எதுவும் இல்லை. பதினைந்து நாட்களுக்குள் பொறுப்பாளர் சரிசெய்ய வேண்டும்.' தலைமை ஆசிரியை அதை அடிக்கோடிட்டு எனக்கு மெமோ கொடுத்தார். பணியில் சேர்ந்து எனக்கு வந்த முதல் மெமோ. ஓட்டப் பந்தயத்தில் தூரம் தப்பாக அளந்தபோதுகூட வராதது.

அதை டீச்சரிடம் காட்டினேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் படித்தார். முகம் சிவந்தது. மெமோவின் கீழேயே எழுதினார்: 'குறை கருவியில் இல்லை மாஸ்டர்.'

"எனக்கும் பங்கு இருக்கு டீச்சர்" என்றேன். "நானும் உட்கார்ந்து கேட்டேனே, எனக்கும்தான் தோணலை. நான் வச்சிருக்கிற விசிலும் நிறுத்தத்தான் ஊதும்." பிறகு கருவிகள் பொறுப்பாளராக ஒரு யோசனை சொன்னேன். பாட்டு டீச்சருக்குத் தேன் மாதிரிக் குரல், அவரை விட்டு 'வெரி குட்' என்று ஒன்றைப் பதிந்துவிட்டால் மெமோ முடிந்தது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அசடு வழிந்துகொண்டு எழுந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் 'மிக மிகச் சரி' என்று எழுதி நட்சத்திரமும் போட்டார். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "நான் அழுதேன்ல, பாவம்னு போட்டிருக்காங்க" என்று சொன்னாளாம். பக்கத்தில் இருந்தவள் சும்மா இருப்பாளா, அது டீச்சர் காதுக்கு வந்துவிட்டது. இரண்டு வாரமாக அவள் மேஜைப் பக்கம் வரவில்லை. மடியில் காகிதமும் இல்லை. டீச்சர் பக்கத்தில் போய் நின்றால் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஆபீஸுக்குப் போகாமல் வகுப்பைக் காப்பாற்றிய மனுஷி, ஜெயித்த முகமாகவே இல்லை. ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டேன் என்று சீட்டில் எழுதிக் காட்டினார்.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் பார்த்தார். ஆறிவிட்டது. ஆனால் அவசரப்படக் கூடாது, முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்தே நிமிஷம். மறுநாள் காலை முதல் மணிக்கு முன்னால் டீச்சரும் அவர் கணவரும் என் சாமான் அறை வாசலில் நின்றார்கள்.

"முதல் வார்த்தை எனக்காக்கும்னு நேத்து ராத்திரியெல்லாம் ஆசையா இருந்தேன் சார்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "காலையில நான் வாயைத் திறந்ததுமே, சும்மா இருங்கன்னு கையைக் காட்டிட்டா. எல்லாத்தையும் சேர்த்துவச்சு இங்க கொண்டுவந்திருக்கா."

டீச்சர் டேப்லெட்டை நீட்டினார். நான் ஐந்தாவது பக்கம் ஒன்றைத் திறந்து, முதல் பொத்தானைக் காட்டினேன். ஓட்டத்துக்கு நேரம் பார்க்கிற என் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். "ஐந்து நிமிஷம். ஆரம்பிங்க."

"சரி" என்றார்.

தாழ்ந்த குரல், கொஞ்சம் சொரசொரப்பான குரல். யாரோ ஒருவருடையது போல இருந்தது. அவர் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் என் வேலையைச் செய்ய வேண்டுமே.

"டீச்சர், இது பாராட்டு மாதிரி இல்லை. தீர்ப்பு மாதிரி இருக்கு."

"ரொம்பச் சரி."

"இப்ப தண்டனையும் சேர்ந்திருக்கு."

"நல்லா செஞ்ச." இது மிரட்டல் மாதிரி வந்தது. "சபாஷ்." இதற்கு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, பதிவில் அதுவும் விழுந்தது. அழித்தேன். நோட்டில் எழுதிவந்த ஏழெட்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றிலும் எங்கேயோ ஒரு பிரம்பு ஒளிந்திருந்தது. மூன்று நிமிஷம் ஐம்பது வினாடி ஆகிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம்தான், விட்டால் நாளைக்குத்தான் என்றேன்.

டீச்சர் நோட்டை மூடினார். மெத்தையின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும், சுவரில் தெரிந்த அந்தச் செவ்வகத்தைத்தான். பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினார். நான் அவசரமாகப் பொத்தானை அழுத்தினேன்.

பதிந்ததைக் கேட்டோம். இதை நான் அழிக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இருபது வினாடி இருந்தது. டீச்சர் கணவர் பக்கம் திரும்பினார்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டேன்மா, போட்டேன்."

ஐந்து நிமிஷம் முடிந்தது.

முதல் பாடவேளைக்கு நானும் பின்னாலேயே போனேன், பேட்டரி பார்க்கிற சாக்கில். டீச்சர் மேடையில் ஏறவில்லை. நேராக ஜன்னலோரப் பெஞ்சுக்குப் போனார். அன்று கசக்கிப் போட்ட இரண்டு துண்டையும் நோட்டுக்கு நடுவிலிருந்து எடுத்து, அந்தப் பெண்ணின் முன்னால் சேர்த்து வைத்தார். இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அவள் குனிந்தபடியே இருந்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்தாவது பக்கத்தைத் திறந்து, இருந்த ஒரே பொத்தானைத் தொட்டார்.

"இது எனக்கே தோணலைம்மா. நீ கண்டுபிடிச்சிருக்க."

அந்தக் குரலை அவர்கள் யாரும் கேட்டதில்லை. அதில் பழைய ஸ்பீக்கரும் இல்லை, அதட்டலும் இல்லை. பெண் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். டீச்சரைப் பார்த்தாள், டேப்லெட்டைப் பார்த்தாள், முன்னால் இருந்த செவ்வகத்தைப் பார்த்தாள். அதன் நடுக்கோட்டை விரலால் தடவினாள்.

"மறுபடியும், டீச்சர்" என்றாள்.

டீச்சர் மறுபடியும் அழுத்தினார்.